யூரோ நோட்டு செட்: பத்திரிகை அடிக்கிறவன் கண்ணில்

நான் நோட்டு, நாணயம் சேர்க்கிற ஆள் இல்லை. ராயப்பேட்டை ஜானி ஜான் கான் சாலைப் பக்கம் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், தேர்தல் வந்தால் எந்தக் கட்சியாக இருந்தாலும் துண்டுப் பிரசுரம், இதுதான் இருபத்திரண்டு வருடப் பிழைப்பு. அதனால் சேகரிப்பாளர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு கிரேடு என்ன, எந்த வங்கித் தலைவரின் கையெழுத்து என்றெல்லாம் கேட்டால் பாதிக்குத்தான் என்னிடம் பதில் இருக்கும். ஒரு நோட்டை அச்சு வேலையாக மட்டும் பார்த்தால் எப்படி இருக்கிறது, அதை வரைந்தவன் தலையில் என்னென்ன வந்து விழுந்திருக்கும், அதைத்தான் எழுதப் போகிறேன்.

வாங்கியது என்னவென்றால், பாரிமுனையில் ஒரு மாடிக் கடையில் 'கூட்டுக் கரன்சி செட்', அதாவது பல நாடுகள் சேர்ந்து ஒரே பணமாகப் புழங்குகிற நோட்டுகள், என்று கடைக்காரர் தானாகவே சேர்த்து வைத்திருந்த ஒரு ஆல்பம். ஆண்டர்சன் தெருவுக்குப் பேப்பர் எடுக்கப் போனவன், மழைக்கு ஒதுங்கப்போய் மாட்டிக்கொண்டேன். உள்ளே யூரோவின் பழைய வரிசையில் 5, 10, 20, 50 என நான்கு நோட்டு, புதிய வரிசையில் 5, 10, 20 என மூன்று, மேற்கு ஆப்பிரிக்காவின் 1000 ஃபிராங்க் ஒன்று, கிழக்குக் கரீபியன் 5 டாலர் ஒன்று. மொத்தம் 16,500 ரூபாய். யூரோ மட்டும் 120 வருகிறது, சுமார் பன்னிரண்டாயிரம் அதற்கே போய்விடும், மற்ற இரண்டும் சேர்ந்து முன்னூறு, முன்னூற்றைம்பது. மீதி நாலாயிரத்துச் சொச்சம் ஆல்பத்துக்கும் அவர் பேச்சுக்கும். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆல்பம் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அங்கேதான் எனக்குக் கோபம்.

எதற்கு வாங்கினேன் என்றால், அதே வாரம் ஒரு பத்திரிகை வேலை என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. பெண் வீடு திருநெல்வேலி, மாப்பிள்ளை வீடு வேலூர். முதல் பக்கத்தில் எந்தச் சாமி, அவர்கள் குலதெய்வமா இவர்கள் குலதெய்வமா, தாய்மாமன் பெயர் எத்தனை பாயின்ட், சித்தப்பா பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவதா வேண்டாமா, இப்படிப் பதினொரு ப்ரூஃப் போனது. கடைசியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு பிள்ளையார், இரண்டு வாழைமரம், ஒரு குத்துவிளக்கு என்று முடித்தார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை, யாரும் சண்டையும் போடவில்லை. அந்த நிலைமையில் இருப்பவனிடம் ஒருவர் வந்து, பன்னிரண்டு நாட்டுக்கும் ஒரே நோட்டு வரைந்திருக்கிறான் பாருங்கள் சார் என்றால், வாங்காமல் எப்படி வருவது?

சரி, யூரோவுக்கு வருவோம். 1996இல் போட்டி வைத்தார்கள். கொடுத்த தலைப்பு இரண்டு: ஒன்று ஐரோப்பாவின் காலங்களும் கட்டடப் பாணிகளும், இன்னொன்று நவீன அருவப் பாணி. வந்தவை 44 வரிசைகள். யார் வரைந்தது என்று தெரியக்கூடாது என்பதற்காகப் பெயரை மறைத்து எண் போட்டுத்தான் நடுவர் முன்னால் வைத்தார்கள். அந்த ஒரு விஷயத்துக்கே நான் கையெடுத்துக் கும்பிடுவேன், இங்கே ஒரு நோட்டீஸ் டிசைன் தேர்வு செய்யவே யாருடைய மச்சான் போட்டது என்று முதலில் கேட்கிறார்கள். ஜெயித்தவர் ராபர்ட் கலினா, ஆஸ்திரியாவின் மத்திய வங்கியில் நோட்டு வரைகிறவர். அந்த நாட்டின் பழைய பணமான ஷில்லிங் வரைந்து கை பழகியவர். நோட்டு மக்கள் கைக்கு வந்தது 2002 ஜனவரி 1ஆம் தேதி.

அவர் செய்த தந்திரம் இதுதான். முன்பக்கம் ஜன்னல், வாசல். பின்பக்கம் பாலம். ஐந்து யூரோவில் பண்டைய கிரேக்க ரோமானியப் பாணி, பத்தில் ரோமனெஸ்க், இருபதில் கோத்திக், ஐம்பதில் மறுமலர்ச்சிக் காலம், நூறில் பரோக்கும் ரொகோகோவும், இருநூறில் இரும்பும் கண்ணாடியும் வந்த காலம், ஐந்நூறில் இருபதாம் நூற்றாண்டு. ராஜா இல்லை, கவிஞர் இல்லை, போரில் ஜெயித்தவர் இல்லை. ஜன்னல் என்றால் திறந்திருப்பது, பாலம் என்றால் இணைப்பது, கேட்கிறவர் யாராக இருந்தாலும் தலையாட்டத்தான் வேண்டும். நம்ம வாழைமரமும் குத்துவிளக்கும்தான், வேறென்ன!

இதில் கூத்து என்னவென்றால், கலினா முதலில் வரைந்தவற்றில் நிஜப் பாலங்களின் சாயல் இருந்தது. வெனிஸின் ரியால்டோ, பாரிஸ் பக்கத்து நெய்யி பாலம் என்று பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் என்ன, இத்தாலிக்கு ஒன்று, பிரான்சுக்கு ஒன்று, எங்களுக்கு எங்கே என்று மற்றவர்கள் கேட்பார்களே. எல்லாவற்றையும் மாற்றி, உலகத்தில் எங்குமே இல்லாத பாலங்களாக ஆக்கச் சொன்னார்கள். ஆக்கினார். கிளையன்ட் கரெக்‌ஷன் என்பது சென்னையில் மட்டும் இல்லை என்று தெரிந்ததும் மனதுக்கு என்னவோ ஒரு ஆறுதல். அப்படியும் ஐந்து யூரோவின் மூன்றடுக்குப் பாலத்தைப் பார்த்தால் எனக்குத் தென் பிரான்சில் இருக்கும் பழைய ரோமானியப் பாலம் பான் து கார்தான் ஞாபகம் வருகிறது. முழுதாகத் துடைக்க முடியவில்லை போலிருக்கிறது.

இல்லாத பாலம் என்று சும்மா விட்டார்களா, அதுவும் இல்லை. நெதர்லாந்தில் ராட்டர்டாம் பக்கத்தில் ஸ்பைக்கனிசே என்று ஒரு ஊர். அங்கே ராபின் ஸ்டாம் என்கிற வடிவமைப்பாளர் ஏழு நோட்டிலும் இருக்கும் ஏழு பாலங்களையும், அந்தந்த நோட்டின் நிறத்திலேயே, சின்னதாகக் கட்டிவைத்துவிட்டார். 2013இல் வேலை முடிந்தது. யாருக்கும் சொந்தமில்லாதபடி வரையச் சொன்ன பாலம் கடைசியில் ஒரு டச்சு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. படத்தில் பார்த்தேன், குழந்தைகள் சைக்கிளில் போகிறார்கள்.

இனி அச்சு. இங்கே எனக்கு வாய் அடைத்துவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன்.

பழைய ஐந்து யூரோவை எடுத்து மேஜையில் வைத்தேன். அளவு 120க்கு 62 மில்லிமீட்டர், நம்ம புதுப் பத்து ரூபாயைவிட ஒரு நூல் சின்னது. சாம்பல் நிறம். பேப்பர் முழுக்கப் பருத்தி. மேப்லித்தோ, ஆர்ட் பேப்பர் என்று தினமும் தடவுகிற விரலுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடும், சுண்டினால் சத்தமே வேறு. கடையில் இருக்கும் கறுப்பு விளக்கில், அதாவது புற ஊதா விளக்கில், காட்டினேன். நாம் அடிக்கிற வெள்ளைத் தாள் அந்த ஒளியில் நீலமாக மின்னும், வெளுப்புக்காகச் சேர்க்கிற ரசாயனம் அப்படி. நோட்டுத் தாள் மின்னாது. மங்கலாகவே இருக்கும், நடுவில் சின்னச் சின்ன நூல் இழைகளும் சில நட்சத்திரங்களும் மட்டும் ஒளிரும். அடுத்தடுத்து ஒரு துண்டு மேப்லித்தோவையும் இந்த நோட்டையும் வைத்துப் பாருங்கள், கள்ள நோட்டு பிடிக்க வங்கிக்காரர்கள் ஏன் அந்த விளக்கை வைத்திருக்கிறார்கள் என்று புரியும். நம்ம ரூபாய்த் தாளும் பருத்திதான், அதுவும் மின்னாது.

அடுத்து ரிஜிஸ்டர். நிறத்துக்கு நிறம் சரியாக உட்காருவதுதான் ரிஜிஸ்டர், எங்கள் தொழிலில் பாதிச் சண்டை அதனால்தான் வரும். மணமகள் உதடு ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் போய்விட்டால் அந்த லாட் முழுக்கக் குப்பை. யூரோவின் பழைய வரிசையில் முன்பக்கம் மேல் மூலையில் என்னவோ கிறுக்கின மாதிரி உடைந்த துண்டுகள் இருக்கும். பின்பக்கம் அதே இடத்தில் மிச்சத் துண்டுகள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து '5' என்று நிற்கிறது. ஒரு மயிரிழை கூட விலகவில்லை. முன்னும் பின்னும் இப்படி உட்காரவைப்பது என்றால், எங்கள் மிஷின் மாஸ்டரிடம் காட்டினேன், அவர் லென்ஸை வாங்கி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இதை நம்ம மிஷினில் போட்டால் அடுத்த வருஷப் பொங்கலுக்குத்தான் டெலிவரி" என்றார்.

லென்ஸில் இன்னொன்றும் தெரியும். நாம் அடிக்கிற படம் எல்லாம் நான்கு நிறப் புள்ளிகள். நோட்டில் அந்தப் புள்ளியே கிடையாது, எல்லாம் கோடு. அதுவும் தடித்த பகுதிகள் இன்டாக்ளியோ முறை, அதாவது தகட்டில் பள்ளம் வெட்டி, பள்ளத்தில் மை நிரப்பி, பயங்கர அழுத்தத்தில் தாளை அதில் அமுக்குவது. மை தாளின் மேல் மேடாக நிற்கும். மத்திய வங்கியின் பெயர்ச் சுருக்கத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினால் சொரசொரவென்று தெரிகிறது, கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். பத்து, இருபதுகளின் பின்பக்கம் ஒரு பளபளப்புப் பட்டை, சாய்த்தால் தங்க நிறத்தில் எண் தெரியும், நேராகப் பிடித்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி. இதையெல்லாம் தாண்டி, சின்ன மஞ்சள் வட்டங்கள் சிதறிக் கிடப்பது அலங்காரம் என்று நினைத்தேன். இல்லையாம், அந்த ஐந்து வட்ட அமைப்பை அடையாளம் கண்டுகொண்டு பல கலர் ஜெராக்ஸ் மிஷின்கள் நகல் எடுக்க மறுத்துவிடும். 2002இல் மார்கஸ் கூன் என்கிற கணினி ஆராய்ச்சியாளர்தான் இதைக் கவனித்து வெளியே சொன்னார்.

அளவும் நிறமும் தனிப் பாராட்டுக்கு உரியவை. 5 சாம்பல், 10 சிவப்பு, 20 நீலம், 50 ஆரஞ்சு. அளவு நீளத்தில் மட்டும் கூடவில்லை, உயரத்திலும் கூடுகிறது: 62, 67, 72, 77 மில்லிமீட்டர். பார்வையில்லாதவர் இரண்டு நோட்டைச் சேர்த்துப் பிடித்தாலே எது பெரியது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். நம்மிடம் 2016க்குப் பிறகு வந்த நோட்டுகளில் 50, 100, 200, 500 நான்குக்கும் உயரம் ஒரே 66தான், நீளம் மட்டும் 135, 142, 146, 150 என்று போகிறது. 100க்கும் 200க்கும் நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். எங்கள் தெரு முனையில் பார்வையில்லாத ஒருவர் சாம்பிராணி விற்கிறார், சில்லறை கொடுக்கும்போது நோட்டை விரலிடுக்கில் மடித்து மடித்து அளப்பார். அவர் கையில் இந்த யூரோக்களைக் கொடுத்துப் பார்த்தேன், கலைத்துக் கொடுத்த நான்கையும் ஒரு தடவையில் வரிசையாக அடுக்கிவிட்டார். இதைவிடப் பெரிய ரிவ்யூ நான் எழுத முடியாது.

புதிய வரிசை, யூரோப்பா வரிசை என்கிறார்கள், 2013இல் ஐந்தில் ஆரம்பித்து 2019இல் நூறு, இருநூறோடு முடிந்தது. ரெய்ன்ஹோல்ட் கெர்ஸ்டெட்டர் என்பவர் கலினாவின் படத்தை எடுத்துக் கொஞ்சம் மெருகேற்றியிருக்கிறார். ஐந்நூறை விட்டுவிட்டார்கள், பெரிய நோட்டு கறுப்புப் பணத்துக்கு வசதி என்ற பேச்சு வந்ததால் அதை அச்சிடுவதையே நிறுத்தினார்கள். இருநூறு வரை எண் மரகதப் பச்சையில் பளபளக்கும், சாய்த்தால் ஒரு ஒளிக்கோடு மேலும் கீழும் ஓடிக்கொண்டே நீலமாக மாறும். கடையில் வேலை செய்கிற பையன் அதைப் பார்த்துவிட்டு "அண்ணே, இந்த மை கிலோ என்ன விலை?" என்று கேட்டான். ஐந்துக்கும் பத்துக்கும் மேலே ஒரு வார்னிஷ் பூச்சு கொடுத்திருக்கிறார்கள், அதிகம் கை மாறுகிற நோட்டு அவைதான் என்பதால். நல்ல யோசனை, ஆனால் பழைய நோட்டின் அந்தப் பருத்தித் தொடுகை போய்விட்டது, ஏதோ லேமினேஷன் அட்டையைத் தொடுகிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பழையதுதான் பிடித்திருக்கிறது.

இந்த வரிசையில்தான் முதல்முறையாக ஒரு முகம் உள்ளே வந்தது. யூரோப்பா, கிரேக்கப் புராணத்துப் பெண், லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழைய ஜாடி ஒன்றிலிருந்து எடுத்த முகம். அதையும் நீர்க்குறியிலும் ஹாலோகிராமிலும்தான் வைத்தார்கள், பெரிய படமாக வைக்கவில்லை. முகம் வைப்பதற்கு ஒரு தொழில் காரணம் உண்டு: மனிதக் கண் மற்ற எதைவிடவும் முகத்தில் ஏற்படும் சின்ன மாற்றத்தை உடனே பிடித்துவிடும், கள்ள நோட்டுக்காரனுக்கு முகம்தான் சிரமம். ஆனால் யார் முகம்? அங்கேதான் பதினொரு ப்ரூஃப் ஆரம்பிக்கும். புராணத்துக்குப் போனால் யாரும் கேட்க முடியாது. இன்னொன்று, பழைய வரிசையில் 'யூரோ' என்பது லத்தீன், கிரேக்க எழுத்துகளில் மட்டும் இருந்தது. 2007இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வந்ததால் புதியதில் சிரிலிக் எழுத்தும் சேர்ந்துவிட்டது. பல்கேரியா யூரோவுக்கு மாறியது 2026 ஜனவரியில்தான். பந்தி போடுவதற்குப் பல வருடம் முன்பே இலை போட்டு வைத்திருந்தார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தீர்ப்பு: அச்சுக்குப் பத்துக்குப் பத்து, டிசைனுக்கு ஆறு. வீடு பளிச்சென்று இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. ஒரு வாரம் மேஜையில் வைத்துப் பார்த்தும் எந்த ஊர் ஞாபகமும் வரவில்லை. பொதுவாக இருக்க வேண்டும் என்பதற்காக யாருமே இல்லாத நோட்டாக ஆக்கிவிட்டார்கள். நான் போட்ட வாழைமரப் பத்திரிகையும் அப்படித்தான், அதனால் எனக்கு அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை.

அப்படி எல்லாவற்றையும் துடைத்தும் ஊர் அடையாளம் வரிசை எண்ணில் ஒளிந்துகொண்டிருந்தது, அதுதான் எனக்குப் பிடித்த இடம். பழைய வரிசையில் எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்து: எக்ஸ் என்றால் ஜெர்மனி, யூ பிரான்ஸ், எஸ் இத்தாலி, வி ஸ்பெயின், ஒய் கிரீஸ். நம்ம பெயருக்கு முன்னால் இனிஷியல் மாதிரி. ஆல்பத்தில் வந்த பத்து யூரோவுக்கு இனிஷியல் எஸ், இருபதுக்கு எக்ஸ். புதிய வரிசையில் அந்த முதல் எழுத்து அச்சகத்தைத்தான் குறிக்கும், நாட்டை இல்லை. அப்பா பெயரை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரி பெயரை இனிஷியலாகப் போட்ட மாதிரி.

மேற்கு ஆப்பிரிக்காவின் 1000 ஃபிராங்கிலும் அதே இனிஷியல் வழக்கம் உண்டு. எட்டு நாடு, டக்காரில் ஒரே மத்திய வங்கி. எண்ணோடு வரும் எழுத்து கே என்றால் செனகல், ஏ என்றால் ஐவரி கோஸ்ட், டி என்றால் டோகோ. என்னுடையது கே. நோட்டு முழுக்க ஒரு மீன் துள்ளுகிறது, வாள்சுறா, அந்தப் பக்கத்து அக்கான் இன மக்கள் தங்கம் நிறுக்கப் பயன்படுத்திய எடைக்கல்லின் உருவம் அது. பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் வேறு இருக்க முடியுமா சொல்லுங்கள்! எந்த நாட்டுக்கும் தனிச் சொந்தம் இல்லை, ஆனால் மண்ணிலிருந்து வந்தது. பின்பக்கம் ஒட்டகங்கள். டிசைனுக்கு நான் எட்டரை கொடுப்பேன். வருத்தம் வேறு இடத்தில்: இதை அச்சிடுவது பிரான்சில், ஷமாலியேர் என்ற ஊரில். 1945இல் வந்த இந்த சிஎஃப்ஏ ஃபிராங்கின் பெயர் விரிவே முதலில் 'ஆப்பிரிக்கப் பிரெஞ்சுக் காலனிகள்' என்றுதான் இருந்தது. 'எக்கோ' என்று பெயர் மாற்றுவதாக 2019 டிசம்பரில் அறிவித்தார்கள், கையில் இன்னும் ஃபிராங்க்தான். நம் ஊர் கல்யாணத்துக்கு வேறு யாரோ பத்திரிகை அடித்து அனுப்பினால் எப்படி இருக்கும், அப்படி.

கிழக்குக் கரீபியன் ஐந்து டாலர் வேறு வழியில் போகிறது. எட்டுத் தீவு நிர்வாகங்களுக்கு ஒரே டாலர், வங்கி செயின்ட் கிட்ஸில். முன்பக்கம் எல்லோருக்கும் பொதுவாக எலிசபெத் ராணி. பின்பக்கத்தைத் தீவு தீவாகப் பங்கு போட்டுவிட்டார்கள்: ஐந்தில் ஆன்டிகுவாவின் அட்மிரல் வீடும் டொமினிக்காவின் டிராஃபால்கர் அருவியும், ஐம்பதில் செயின்ட் கிட்ஸின் கோட்டையும் செயின்ட் லூசியாவின் இரட்டை மலைகளும் என்று. மறைக்காமல் பங்கு பிரித்தது எனக்குப் பிடித்திருந்தது, ஆளுக்கொரு பந்தி. ஆனால் நெரிசல். ஆமை, பறவை, மீன், ராணி, அருவி, வரைபடம், எல்லாம் ஒரே தாளில், கோயில் திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பெயர் போடுகிற மாதிரி. 2019இலிருந்து பிளாஸ்டிக் நோட்டுக்கு மாறிவிட்டார்கள், அதுவும் நெட்டுக்குத்தாக. என்னிடம் இருப்பது பழைய தாள்.

விலை பேசி முடித்த பிறகு கடைக்காரர் அலமாரியிலிருந்து விற்பனைக்கு இல்லாத ஒன்றை எடுத்துக் காட்டினார். நம்ம பத்து ரூபாய், ஆனால் சிவப்பு. எண்ணுக்கு முன்னால் இசட். வளைகுடா ரூபாய். ஒரு காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், மஸ்கட் எல்லாம் இந்திய ரூபாயில்தான் வியாபாரம் செய்தன. தங்கக் கடத்தலில் இங்கிருந்து அந்நியச் செலாவணி கரைந்துகொண்டே போனதால், 1959இல் அந்தப் பகுதிக்கென்றே வேறு நிறத்தில் தனி நோட்டு வெளியிட்டது ரிசர்வ் வங்கி. டிசைன் மாற்றவில்லை, நிறத்தை மாற்றி ஒரு எழுத்தைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். எங்கள் பாஷையில் சொன்னால் அதே பிளேட், வேறு மை. குவைத் 1961இல் தினாருக்குப் போனது, பஹ்ரைன் 1965இல், 1966இல் நம் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், ஓமன் மட்டும் 1970 வரை வைத்திருந்தது. ஒரு வட்டாரத்துக்கே பொது நோட்டு நாமே அடித்திருக்கிறோம், அதில் அந்த வட்டாரத்துக்காரர்களுக்கென்று ஒரு பேரீச்சை மரம்கூட வரையவில்லை. அவர்கள் ஏன் தங்க வேண்டும்?

நோட்டில் எந்த மொழி முதலில், எது அடுத்து என்கிற வரிசை விளையாட்டு இல்லை. 1998இல் மொரீஷியஸில் புது நோட்டு வந்தபோது, அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழைக் கீழே இறக்கிவிட்டார்கள். அங்கே இருக்கும் தமிழர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படியே மறுபடி அடித்தார்கள். ஒரு வரி மேலா கீழா என்பதற்காக ஒரு நாட்டின் நோட்டு முழுக்க மறு அச்சு! இதைக் கேட்டதும் என் பதினொரு ப்ரூஃப் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. நம்ம ரூபாயின் பின்பக்கத்தை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன், பதினைந்து மொழி அடுக்கு, அகரவரிசை ஆங்கிலப்படி, அசாமியில் தொடங்கி உருதுவில் முடிகிறது. தமிழ் கீழிருந்து மூன்றாவது. அகரவரிசை என்று சொல்லிவிட்டால் யாரும் சண்டைக்கு வர முடியாது, பத்திரிகைக்கு நான் இனி இதைத்தான் சொல்லப் போகிறேன்.

யூரோவையும் மறுபடி வரையப் போகிறார்கள். 2023இல் கருத்துக் கேட்டு, இரண்டு தலைப்பில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்று பண்பாடு: ஐந்தில் பாடகி மரியா காலஸ், பத்தில் பீத்தோவன், இருபதில் மேரி கியூரி, ஐம்பதில் எழுத்தாளர் செர்வான்டெஸ், நூறில் லியோனார்டோ டா வின்சி, இருநூறில் சமாதானத்துக்காகப் பாடுபட்ட பெர்தா ஃபோன் சுட்னர். இன்னொன்று ஆறுகளும் பறவைகளும். ஆறு முகம், இருபத்தொரு நாடு, கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். என் ஓட்டு பறவைக்குத்தான். பத்தில் மீன்கொத்தி, இருபதில் பஞ்சுருட்டான், ஐம்பதில் செங்கால் நாரை, நூறில் அந்த மேல்நோக்கி வளைந்த மூக்குக்காரி, பள்ளிக்கரணைப் பக்கம் குளிர்காலத்தில் சேற்றைத் துழாவிக்கொண்டு நிற்கிற அதே உள்ளான் வகை. பறவைக்குப் பாஸ்போர்ட் இல்லை, ஆனால் முகம் இருக்கிறது. பாலத்தில் இல்லாதது அதுதான். எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது 2026இல் முடிவாகும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

இப்போது ஆல்பம். நோட்டுகள் உண்மையானவை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 'மடிப்பே படாதது' என்று விற்ற இருபது யூரோ, இஸ்திரி போட்டது. எப்படித் தெரியும் என்றால், மற்ற நோட்டில் மேடாக நிற்கிற மை இதில் தட்டையாகிவிட்டது, கட்டைவிரலில் ஒன்றுமே உறுத்தவில்லை. நடுவில் சாய்த்துப் பார்த்தால் பழைய மடிப்பின் நிழல், இழை உடைந்து வெளுத்த ஒரு கோடு. நாற்பது வருடமாகத் தாளையே பார்க்கிற மாஸ்டர் இரண்டு நொடியில் சொல்லிவிட்டார். அடுத்தது உறை. வாங்கி ஒரு மாதம்தான், இந்தச் சென்னைப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் உறை வியர்த்து, பிசுபிசுத்து, ஐம்பது யூரோவின் பின்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கும்போது பாலத்தின் ஒரு வளைவில் பளபளப்பு போய்விட்டது. கேட்டால், "இது நல்ல பிளாஸ்டிக் சார், நீங்கள் வைத்த இடம் சரியில்லை" என்கிறார். வைத்தது மை வைக்கிற அலமாரியில், அங்கே என் பேப்பரே சுருங்காது. ஒரு மணி நேரம் வாதாடி, இருபதை மட்டும் வேறு நோட்டாக மாற்றித் தந்தார், ஐம்பதுக்கு ஒன்றும் இல்லை.

வாங்கலாமா என்றால், நோட்டுகளைத் தனித்தனியாக வாங்குங்கள், ஆல்பத்தோடு வாங்காதீர்கள். பழைய யூரோ இன்னும் செல்லும் நோட்டுதான், அதனால் 5ம் 10ம் முகமதிப்பை ஒட்டியே கேட்டு வாங்கலாம், பேரம் பேசுங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அந்த வாள்சுறா ஆயிரத்தை வாங்குங்கள். போகும்போது ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள், கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு மையைத் தடவிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

நேற்று அவரே போன் செய்தார், திரும்பப் பெற்ற அந்த மொரீஷியஸ் நோட்டில் ஒன்று வந்திருக்கிறதாம், எனக்காக எடுத்து வைக்கட்டுமா என்று. வையுங்கள், பிளாஸ்டிக்கில் மட்டும் போடாதீர்கள், ஒரு பட்டர் பேப்பரில் மடித்து வையுங்கள், நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.